ஜோலீன் காஸ்பர் மூன்று பேர்

வெஸ்ட் பிளாட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண்ணை மூன்று தடவை எண்ணலாம். நெடுவெளி ஓட்டத்துக்கு ஒரு தடவை, உள்ளரங்க ஓட்டத்துக்கு ஒரு தடவை, வெளித்திடல் ஓட்டத்துக்கு ஒரு தடவை. மூன்றுக்கும் ஒரே பெண், ஒரே ஜோடிக் கால். ஆனாலும் வாஷிங்டனுக்கு அனுப்பும் பட்டியலில் அவள் மூன்று பெண்கள். இதில் கள்ளம் ஒன்றும் இல்லை. விதிப்புத்தகத்திலேயே அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ஆண்களுக்கு எத்தனை இடமோ, மாணவிகளின் தொகைக்குத் தக்கபடி பெண்களுக்கும் விளையாட்டில் அத்தனை இடம் தர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பெண்களை அதிகமாக்குவதைவிட எண்ணுவதை அதிகமாக்குவது சுலபம் என்று விளையாட்டுத் துறைக்காரர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

ஜோலீன் காஸ்பருக்கு இதெல்லாம் தெரியாது. அவள் ஓடுகிறவள் அல்ல, நீந்துகிறவள்.

அவள் அப்பா வெர்ன் காஸ்பர், பல்கலைக்கழகத்திலிருந்து நாற்பது மைல் தள்ளி, மாட்டிறைச்சி ஆலையில் இருபத்தாறு வருஷமாக எலும்பிலிருந்து கறி பிரிக்கிறவர். வலது கை விரல்கள் கத்தியைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நின்றுவிட்டன. காலையில் வெந்நீரில் முக்கி ஒவ்வொன்றாக நிமிர்த்தினால்தான் லாரியின் கதவைத் திறக்க முடியும். ஊர்க் குளத்தில் ஆலைக்காரர் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இலவசம். அங்கேதான் ஜோலீன் நீந்தக் கற்றாள். அழகாக நீந்த மாட்டாள். அப்பா கறி வெட்டுவதுபோல நீந்துவாள்: ஒரே வீச்சு, ஒரே அளவு, நிறுத்தச் சொல்லும்வரை. அப்படிப்பட்டவளுக்கு ஏற்ற போட்டி ஒன்றுதான். மைல். குளத்தை அறுபத்தாறு நீளம் நீந்த வேண்டும். உண்மையில் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைச்சல்தான், ஆயிரத்து அறுநூற்றைம்பது கெஜம். ஆனால் எல்லோரும் மைல் என்றுதான் சொல்வார்கள்.

குளத்துச் சுவரில் பல்கலைக்கழகத்தின் சாதனை நேரம் எழுதியிருந்தது: பதினாறு நிமிஷம் ஐம்பத்தெட்டு நொடி. ஜோலீனின் நேரம் பதினேழு நிமிஷம் இரண்டு நொடி. நாலு நொடி பாக்கி. கடைசி வருஷம் வரப்போகிறது. பிப்ரவரியில் வட்டாரப் பல்கலைக்கழகங்களுக்கான போட்டி. அவள் இந்த உலகத்திடம் கேட்டதெல்லாம் அந்த நாலு நொடியைத்தான்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை இருபத்துநாலு நீச்சல் பெண்களையும் கூட்டரங்குக்கு வரச் சொன்னார்கள். மேசையில் மீன் வடிவத்தில் பிஸ்கட் வைத்திருந்தார்கள். தலைக்கு ஒன்று. விளையாட்டுத் துறை இயக்குநர் சிப் ஹாலண்டர் மேடையேறி, நெஞ்சில் கை வைத்தார்.

"பெண்கள் விளையாட்டுன்னா எனக்கு உசிருங்க. எனக்கே ரெண்டு பொண்ணுங்க. அந்த அக்கறையிலதான் சொல்றேன், நீச்சல் அணியை இன்னையோட நிறுத்துறோம். இதை இழப்புன்னு நினைக்காதீங்க. பெண்கள் விளையாட்டைப் பலப்படுத்தணும்னா அதுல இருக்குற பெண்கள் விளையாட்டுங்களைக் கொஞ்சம் குறைச்சுத்தான் ஆகணும்."

முதல் வருஷத்துக்காரி வின்னி பாப் கையைத் தூக்கினாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஏன் சார் நிறுத்துறீங்க?"

"குளம் பழசும்மா. தண்ணி சூடாக்கற செலவு தாங்கல."

"புது ஃபுட்பால் கட்டடத்துக்குள்ள ஆறு ஓடுதே, வெந்நீர் ஆறு. சோபாவைச் சுத்திச் சுத்தி ஓடுது. நான் ஜன்னல் வழியா பார்த்தேன்."

"அது ஆறு இல்ல," என்றார் ஹாலண்டர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "அது தசை மீட்பு வசதி."

வின்னி பிஸ்கட்டின் தலையைக் கடித்தாள். ஜோலீன் தன் பிஸ்கட்டைத் தொடவில்லை.

ஆகஸ்டில் கல்லூரி திறந்தபோது நீச்சல் பெண்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. உதவித்தொகை தொடர வேண்டுமானால் ஓட்டப் பயிற்சியாளரிடம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போனார்கள். பயிற்சியாளர் ஆளுக்கு மூன்று பெட்டி கொடுத்தார். மூன்றிலும் ஓடும் காலணி.

"எங்களுக்கு ஓட வராது சார்," என்றாள் ஜோலீன்.

"யாரு ஓடச் சொன்னா? கையெழுத்து போடுங்க, போதும். ஓடறவங்க எங்கிட்ட வேற இருக்காங்க. நீங்க குறுக்க வந்து அவங்களை இடறிவிடாம இருந்தா அதுவே உதவி."

மூன்று தாளில் மூன்று கையெழுத்து. ஜோலீன் அந்தக் காலணிகளை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் ஆலையில் தன் வரிசையில் நிற்கும் மூன்று பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் வழக்கு அதற்கு முன்பே போட்டாயிற்று. ஒமாஹாவிலிருந்து ஹெலன் டுப்ரீ என்று ஒரு வக்கீலம்மா வந்தார். கார் முழுக்க நாய் முடி, கோட்டு முழுக்க நாய் முடி. இந்த மாதிரி வழக்கு பதினொன்று நடத்தியவர். முதலில் ஐந்து பெண்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 'உதவித்தொகை குறித்த உங்கள் எதிர்காலம் பற்றி உரையாட விரும்புகிறோம்' என்று பல்கலைக்கழகம் ஐவருக்கும் அன்பாகக் கடிதம் எழுதியது. நாலு பேர் பின்வாங்கினார்கள். மிஞ்சியது ஜோலீன்.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று டுப்ரீ கேட்டார்.

"பயமாத்தான் இருக்கு மேடம். ஆனா எனக்கு நாலு நொடி பாக்கி இருக்கு."

டுப்ரீ கோட்டிலிருந்து ஒரு நாய் முடியைப் பிடுங்கிப் போட்டார். "கேட்டுக்க. இவங்க சட்டத்தால ஜெயிக்க மாட்டாங்க. காலண்டரால ஜெயிப்பாங்க. நீ படிச்சு முடிச்சு வெளிய போற வரைக்கும் இழுப்பாங்க. போயிட்டா வழக்கும் போச்சு. அதனால நாம வேகமா போகணும்."

அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றத்தில் விசாரணை. நீதிபதி ஆல்டன் முதலிலேயே, தன் மனைவி வாரத்தில் இரண்டு நாள் நீந்தப் போவதாகவும், அதனால் இந்த வழக்கின் உணர்வு தனக்கு நன்றாகப் புரியும் என்றும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பல்கலைக்கழகத்தின் சாட்சி கென்ட் விக்கர்ஸ். துறையில் தலை எண்ணும் அதிகாரி. வழுக்கைத் தலை, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. பொய் சொல்லவே தெரியாத மனிதர். அந்த வேலைக்கு அப்படிப்பட்டவரைத்தான் தேடிப் போடுவார்கள்.

டுப்ரீ எழுந்தார்.

"மிஸ்டர் விக்கர்ஸ், போன வருஷம் இருபத்துநாலு பொண்ணுங்க நீந்தினாங்க. இந்த வருஷம் அவங்க எங்க?"

"ஓடுறாங்க. எழுபத்திரண்டு பேர்."

"இருபத்துநாலு எப்படி எழுபத்திரண்டு ஆச்சு?"

"ஆள் அதேதாங்க. எண்ணிக்கைதான் வேற. ஒருத்தர் மூணு ஓட்டத்துலயும் இருக்காங்க."

"ஆக, பெண்கள் அணி ஒண்ணை வெட்டினதால பெண்கள் நாற்பத்தெட்டு பேர் கூடியிருக்காங்க."

"ஆமாங்க," என்றார் விக்கர்ஸ். முகத்தில் பெருமை தெரிந்தது. "சட்டம் கேக்கறதுக்கு மேலயே ரெண்டு பொண்ணு அதிகமா இருக்கு. எங்க வரலாற்றுலயே இதுதான் முதல் தடவை."

"இதோ உக்காந்திருக்காங்களே, ஜோலீன் காஸ்பர், இவங்க ஓடி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நான் ஓடறதை எண்ணறதில்லைங்க. பட்டியலைத்தான் எண்ணுவேன். ஓடறதை எண்ணினா தப்பு வரும், அசைஞ்சுகிட்டே இருப்பாங்க."

டுப்ரீ ஒரு தாளைப் புரட்டினார். "பெண்கள் கூடைப்பந்து அணி, பதினாறாவது பேரு ட்ரெவர் ஹக்கின்ஸ். கொஞ்சம் எழுந்திருப்பா."

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். எழுந்து முடிக்கவே நேரமாயிற்று. ஆறடி ஏழங்குலம். தாடி வேறு.

"இவர் பொண்ணா, மிஸ்டர் விக்கர்ஸ்?"

"பெண்கள் அணியோட சேர்ந்து பயிற்சி ஆடுறாருங்க. எதிரணி மாதிரி நிப்பாரு. அதனால எண்ணிக்கைக்குப் பொண்ணு. விதி அப்படித்தாங்க சொல்லுது. இந்த மாதிரி பொண்ணுங்க எங்ககிட்ட பதினொரு பேர் இருக்காங்க."

ட்ரெவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "ஐயா, இது எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

நீதிபதி அவனை உட்காரச் சொன்னார். பிறகு தன் மனைவியைப் பற்றி மறுபடியும் கொஞ்சம் பேசிவிட்டு உத்தரவிட்டார்: வழக்கு முடியும்வரை பெண்கள் நீச்சல் அணியைப் பழையபடி நடத்த வேண்டும்.

ஜோலீன் நீதிமன்றப் படியில் நின்று அப்பாவுக்கு போன் போட்டாள். பின்னணியில் ரம்பம் ஓடும் சத்தம்.

"அப்பா, ஜெயிச்சுட்டோம்பா."

"நல்லது. சாப்பிட்டியா?"

"அணியைத் திருப்பித் தரச் சொல்லிட்டாங்க."

"குளத்தை?" என்றார் வெர்ன். ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு வாக்குறுதியில் எது விட்டுப்போயிருக்கிறது என்று முதலில் பார்க்கும் பழக்கம் உண்டு.

குளத்தை ஜூன் மாதமே வடித்துவிட்டிருந்தார்கள். உத்தரவு கைக்கு வந்த மறுநாள் பல்கலைக்கழகம் அதற்கு அப்படியே கீழ்ப்படிந்தது. அணி என்று இருந்தது, அணியைத் தந்தார்கள். தண்ணீர் என்று எழுதியிருக்கவில்லை. பழைய பயிற்சியாளர் கான்ஸஸுக்கு வேலை தேடிப் போய்விட்டதால் விக்கர்ஸையே பயிற்சியாளராக நியமித்தார்கள். அவர் கழுத்தில் விசிலும் கையில் அட்டையுமாகக் காலை ஐந்தரைக்கு வந்து நின்றார். இருபத்துநாலு பெண்களும் நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு ஏணி வழியாக வெறுங்குளத்துக்குள் இறங்கினார்கள். ஆழமான மூலையில் ஃபுட்பால் அணியின் சின்னமான கண்ணாடியிழைக் காட்டெருமை, ஒரு கொம்பு உடைந்து, பழுதுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"அவங்கவங்க தடத்துல நில்லுங்க," என்றார் விக்கர்ஸ். "கயிறைத் தாண்டக் கூடாது. அது விதி."

"என்ன செய்யணும் சார்?"

"வழக்கமா என்ன செய்வீங்களோ அது."

"வழக்கமா தண்ணி இருக்கும் சார்."

விக்கர்ஸ் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லம்மா இதுல."

வின்னி தரையில் குப்புறப் படுத்துக் கையைக் காலை உதைத்தாள். "சார், மூழ்கறேன் சார், காப்பாத்துங்க." விக்கர்ஸ் விசில் ஊதினார். எல்லோரையும் மேலே ஏற்றினார். விபத்து அறிக்கை எழுதி, வின்னியிடம் கையெழுத்து வாங்கி, மூன்று பிரதி எடுத்தார். அன்றைய பயிற்சியில் மீதி நேரம் அதற்கே சரியாகப் போயிற்று.

ஜோலீன் மட்டும் வேடிக்கை செய்யவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குளத்தின் அடியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடந்தாள். அறுபத்தாறு நீளம். கை வீச்சையும் விடவில்லை. மூச்சு எடுக்கும் இடத்தில் தலையைத் திருப்பிக்கொண்டாள். தினமும் அப்படி நடந்தாள். ஆறு வாரம் நடந்தபின் கால் பெருவிரலில் தோல் தேய்ந்து ரத்தம் வந்தது. விக்கர்ஸ் அதை எழுதிக்கொண்டார்: ஓட்டப் பயிற்சியில் காயம்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை ஏணியில் இறங்காமல் அப்படியே நீச்சலுடையோடு வெளியே நடந்தாள். வின்னி பின்னாலேயே துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பனியில் மைதானத்தைக் கடந்து ஃபுட்பால் கட்டடத்துக்குள் போனார்கள். அங்கே முடிவெட்டும் கடை இருந்தது. ஐம்பது சோபாக்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி ஐம்பத்தைந்து கெஜ நீளத்துக்கு, இடுப்பளவு ஆழத்தில், ஆவி பறக்க அந்தத் தசை மீட்பு வசதி ஓடிக்கொண்டிருந்தது. ஜோலீன் அதில் குதித்தாள்.

அவசரத்தில் திசை பார்க்காமல் நீரோட்டத்துக்கு எதிராகக் குதித்துவிட்டாள். திரும்பவும் அவளுக்குத் தோன்றவில்லை. வீசி வீசி நீந்தினாள். மோட்டார் எவ்வளவு தள்ளியதோ அவ்வளவு அவள் தள்ளினாள். இருபது நிமிஷம் நீந்தி ஒரு விரற்கடை கூட நகரவில்லை. ஃபுட்பால் பையன்கள் மில்க் ஷேக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தார்கள்.

"ஏய், அந்தப் பொண்ணு எங்கயும் போக மாட்டேங்குதுடா."

"அதுக்கு வழக்குன்னு பேரு தம்பி," என்றாள் வின்னி.

ஹாலண்டர் வந்தார். காவலாளி வந்தார். ஈரத்தோடு வெளியே அனுப்பினார்கள். டுப்ரீ மறுநாளே நீதிமன்றத்துக்குப் போய், பல்கலைக்கழகத்திடம் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அதற்கு ஆண்பால் என்று மனுப் போட்டார். நீதிபதிக்குக் கோபம் வந்தது. மனைவியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் உத்தரவிட்டார்: நாற்பது நாளுக்குள் குளத்தில் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஜனவரி பத்தாம் தேதி கெடு. போட்டி பிப்ரவரி மூன்றாம் வாரம். ஐந்து வாரப் பயிற்சி கிடைக்கும். ஜோலீனுக்கு அது போதும்.

குளத்தை நிரப்புவதைவிட ஜோலீனைக் காலி செய்வது சுலபம் என்று ஹாலண்டரின் அறையில் யாருக்கோ தோன்றியிருக்கிறது.

டிசம்பர் முதல் வாரம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. ஜோலீன் காஸ்பர் பட்டத்துக்கு வேண்டிய அனைத்தையும் நிறைவு செய்யும் நிலையில் இருப்பதாகவும், இந்த மாதமே பட்டம் பெறுவார் என்றும் எழுதியிருந்தது. அவளுக்கு இன்னும் ஒரு பருவமும் ஐந்து பாடங்களும் பாக்கி. ஓடிப்போய்க் கேட்டாள். பதிவாளர் அம்மாள் சாக்லேட் கொடுத்து உட்கார வைத்தார்.

"நாலு பாடத்துக்கு வாழ்க்கை அனுபவத்தையே மதிப்பெண்ணா எடுத்துக்கிட்டோம் கண்ணு. நீதிமன்றத்துல சாட்சி சொன்னியே, அது மேடைப் பேச்சு. ரெண்டு மனு போட்டியே, அது அரசியல் சட்டம். ஆறு வாரம் நடந்தியே, அது உடற்பயிற்சி."

"நாலாவது?"

"ஆத்துல நீந்தினியே. அது நீர்வளம்."

மிச்சம் ஒரே பாடம், புள்ளியியல். அந்தத் தேர்வில் தோற்றால் பட்டம் இல்லை, பட்டம் இல்லையென்றால் வழக்கு நிற்கும், வழக்கு நின்றால் குளத்தில் தண்ணீர் வரும். ஜோலீன் தேர்வு அறைக்குப் போய், தாளில் தன் பெயரை மட்டும் எழுதி, மூன்று மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, கொடுத்துவிட்டு வந்தாள். அவள் வாழ்க்கையில் எழுதிய தேர்வுகளிலேயே மிகக் கஷ்டமானது அதுதான்.

ஏ மதிப்பெண் போட்டார்கள். பேராசிரியர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தரவு போதாத இடத்துல முடிவு சொல்லாம இருந்திருக்கீங்க. பாடத்தோட சாரமே அதுதான்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வாரம் வீட்டுக்குப் போனாள். வெர்ன் மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்திருந்தார். விரல் வளைந்த கையால் கரண்டியைக் குழந்தைபோல் பிடித்துச் சாப்பிட்டார். பாதியில் நிறுத்தினார்.

"வெறும் பேப்பர் குடுத்தியாமே."

"ஆமாப்பா."

"நான் இருபத்தாறு வருஷம் எலும்பு வெட்டினது நீ வெறும் பேப்பர் குடுக்கறதுக்காடி?"

"அதுக்கும் ஏ போட்டுட்டாங்கப்பா."

வெர்ன் ரொட்டியைக் குழம்பில் முக்கினார். எடுக்க மறந்துவிட்டார்.

"வெறும் பேப்பருக்கே ஏவா?" என்றார் பிறகு. "அப்ப நீ மூணரை வருஷம் கண்ணு முழிச்சு எழுதினியே, அதுக்கு என்ன மதிப்பு?"

ஜோலீன் குழம்பில் ஊறிய ரொட்டியை எடுத்து அவர் தட்டோரம் வைத்தாள். வாசலில் கார் வந்து நின்றது. கென்ட் விக்கர்ஸ், கழுத்தில் டை, கையில் பட்டம்.

"பட்டமளிப்பு விழாவுக்கு நீங்க வரலைங்க. அதனால நேர்ல குடுத்துட்டு வரச் சொன்னாங்க. இங்க ஒரு கையெழுத்து."

"வேண்டாம்," என்றாள் ஜோலீன்.

"வேண்டாங்கறதுக்குக் கட்டம் இல்லைங்க."

வெர்ன் எழுந்து வாசலுக்குப் போனார். "தம்பி, எங்க ஆலையில மாடு உள்ள வர்றப்போ வேண்டாம்னுதான் நிக்கும். அதுக்கும் கட்டம் கிடையாது. கிளம்பு."

விக்கர்ஸ் தலையாட்டிக்கொண்டு போனார். போகும்போது பட்டத்தை வெர்னின் லாரிக் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகிவிட்டு, அதைப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் ஜனவரி எட்டாம் தேதி நீதிமன்றத்தில் சான்றாவணமாக வந்தது. பட்டத்தின் மேல் லேசாகப் பனி.

நீதிபதி ஆல்டன் உருக்கமாகப் பேசினார். "மிஸ் காஸ்பர், உங்க துணிச்சலை இந்த நீதிமன்றம் பாராட்டுது. நீங்க பட்டதாரி ஆகிட்டீங்க. இனி நீங்க மாணவி இல்ல. மாணவி இல்லாதவங்களுக்கு இந்தக் குளத்தால ஒரு பாதிப்பும் இல்ல. பாதிப்பு இல்லாத இடத்துல வழக்கு இல்ல. வாழ்த்துகளோட தள்ளுபடி செய்யறேன்."

ஜோலீனுக்குப் பதிலாகத் தான் மனுதாரராக வருவதாக வின்னி கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை அவளுக்குப் பட்டமளிப்பு அங்கி தைக்க அளவு கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டாம் வருஷத்துக்காரி. பயந்துபோய் மனுவை வாபஸ் வாங்கினாள். இந்தச் சங்கதி எப்படியோ வெளியே பரவி, டுப்ரீயின் அலுவலகத்துக்குப் பெற்றோர்கள் போன் செய்யத் தொடங்கினார்கள். தங்கள் பிள்ளை வேதியியலில் மூன்று தடவை தோற்றுவிட்டதாகவும், எந்த விளையாட்டு சம்பந்தமாக வழக்குப் போட்டால் சீக்கிரம் முடியும் என்றும் கேட்டார்கள்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் வட்டாரப் போட்டி வேறொரு ஊரில் நடந்தது. ஜோலீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், பொட்டலம் கட்டும் பிரிவில். மைலில் முதலில் வந்தவளின் நேரத்தை இடைவேளையில் போனில் பார்த்தாள். பதினேழு நிமிஷம் பதினைந்து நொடி. போனை வைத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மார்ச் முதல் வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெட்டியும் கடிதமும் வந்தன. பெட்டியில் காலணி. கடிதத்தில், 'அன்புள்ள வீராங்கனையே, வெளித்திடல் ஓட்டப் பருவத்துக்கு நல்வரவு. இத்துடன் உங்கள் அடையாள அட்டை. விளையாட்டுத் துறையின் எல்லா வசதிகளையும் நீங்கள் பயன்படுத்தலாம்.'

ஜோலீன் அதை எடுத்துக்கொண்டு ஒமாஹாவுக்குப் போனாள். டுப்ரீ இரண்டு தடவை படித்தார். சிரிக்க ஆரம்பித்தார். நாய் எழுந்து வந்து பார்த்தது.

"உன்னைப் படிப்புல இருந்து அனுப்பிட்டாங்க. பட்டியல்ல இருந்து அனுப்ப மறந்துட்டாங்க. மறந்தாங்களா, முடியலையா? விக்கர்ஸ் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா? சட்டம் கேக்கறதுக்கு மேல ரெண்டு பொண்ணு. நீ ஒருத்தி போனா மூணு பொண்ணு போகும். ஒண்ணு குறையும். வாஷிங்டன்காரன் வந்து வாசல்ல நிப்பான்."

"அப்ப மறுபடி வழக்கு போடலாமா மேடம்?"

"போடலாம். மூணு வருஷம் ஆகும். ஆனா உனக்கு நீந்தணும்னா," என்று டுப்ரீ அட்டையை அவள் பக்கம் தள்ளினார், "அதுக்கு இன்னைக்கே போகலாம்."

சனிக்கிழமை காலை ஜோலீன் அப்பாவின் லாரியில் போனாள். வெர்ன் ஆலை பூட்ஸோடு வந்தார். ஃபுட்பால் கட்டடத்து வாசலில் அட்டையைக் காட்டினாள். கதவு திறந்தது. நீச்சலுடையைப் பார்த்த காவலாளி ஹாலண்டருக்கு போன் செய்தான். ஹாலண்டர் விக்கர்ஸோடு ஓடி வந்தார்.

"இந்தப் பொண்ணு இங்க இருக்கக் கூடாது. இது பட்டம் வாங்கிப் போன பொண்ணு."

"அப்ப நான் வீராங்கனை இல்லைன்னு எழுதிக் குடுங்க சார்," என்றாள் ஜோலீன். "நான் போயிடறேன்."

ஹாலண்டர் வாயைத் திறந்தார். விக்கர்ஸ் அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார். அந்த மனிதருக்கு மெதுவாகவும் பேசத் தெரியாது, எல்லோருக்கும் கேட்டது.

"எழுதினா மூணு பேர் குறையுங்க சார். ரெண்டுதான் கையில இருக்கு."

ஹாலண்டரின் கழுத்து சிவந்தது. சோபாக்களைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார். "எனக்கே ரெண்டு பொண்ணுங்க," என்று எங்கோ பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"மிஸ்டர் விக்கர்ஸ், மோட்டாரை நிறுத்த முடியுமா?" என்றாள் ஜோலீன். "தண்ணி ஓடாம இருக்கணும்."

விக்கர்ஸ் அட்டையைப் பார்த்தார். வீராங்கனை பயிற்சிக்காகக் கேட்டால் வசதியைச் சரிசெய்து தரலாம் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. டிக் அடித்துவிட்டுப் போய் மோட்டாரை நிறுத்தினார். ஆறு அடங்கிக் குளமாயிற்று.

"ஐம்பத்தைந்து கெஜம்," என்றாள் ஜோலீன் அப்பாவிடம். "முப்பது சுத்து. எண்ணிக்கோங்கப்பா."

"எண்ணறது என் வேலைங்க," என்றார் விக்கர்ஸ்.

வெர்ன் பூட்ஸோடு வெள்ளை சோபாவில் உட்கார்ந்தார். வளைந்த கைக்குள் நிறுத்துக் கடிகாரம் கச்சிதமாகப் பொருந்தியது. யாரோ ஒரு பையன் அவருக்கு மில்க் ஷேக் கொண்டுவந்து கொடுத்தான். இன்னும் பத்துப் பையன்கள் சோபாக்களை விட்டுக் கரைக்கு வந்தார்கள்.

ஜோலீன் நீந்தினாள். வளைவுகளில் தோள் சுவரில் உரசியது. பல மாதம் தண்ணீர் காணாத உடம்பு, பொட்டலம் கட்டிய கை. பத்தாவது சுற்றில் பையன்கள் மில்க் ஷேக்கைக் கீழே வைத்தார்கள். இருபதாவது சுற்றில் வெர்ன் எழுந்து நின்றார். முப்பதாவது சுற்றில் விக்கர்ஸ், வாழ்க்கையில் முதல்முறையாக, பட்டியலைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து எண்ணினார்.

"எவ்வளவுப்பா?"

வெர்ன் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். பதினாறு நிமிஷம் ஐம்பத்தாறு.

அங்கே சுவரில் எழுத இடம் இல்லை. முழுக்க ஃபுட்பால் கோப்பைகள். விக்கர்ஸ் தன் அட்டையைத் தொடையில் வைத்து எழுதினார். விளையாட்டு: வெளித்திடல் ஓட்டம். வீராங்கனை: ஜோலீன் காஸ்பர். தூரம்: ஒரு மைல். காற்று: இல்லை. இடம்: முதல். கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தி, கீழே குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நிரப்பினார்.

தடத்தின் நிலை: ஈரம்.